யாருடைய வேலையாகவும் இல்லாத வேலைகள்

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் சீக்கிரமே எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடும். "அக்கா, நல்ல போட்டோகிராபர் யாராவது தெரியுமா?" பெயர் சொல்வது எளிது. ஆனால் நான் திருப்பிக் கேட்பேன்: "மண்டபம் முடிவாகிவிட்டதா? மேடைக்கு விளக்கு யார் போடுகிறார்கள்?" மறுமுனையில் எரிச்சல் கலந்த அமைதி. போட்டோகிராபரைக் கேட்டால் இவள் விளக்கைப் பற்றிப் பேசுகிறாளே என்று.

அதற்குக் காரணம் இருக்கிறது. தடுமாறிய கல்யாணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொழில் தெரியாத ஒருவரால் கெட்டது அவற்றில் மிகக் குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் கெட்டிக்காரர்களாகவே இருந்தார்கள். கோளாறு நடந்தது இரண்டு கெட்டிக்காரர்களுக்கு நடுவில். அலங்காரக்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், ஒலிபெருக்கிக்காரரும் செய்தார். ஆனால் இருவருக்கும் சேர்த்து மின்சாரம் போதுமா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. கேட்டால், "அது எங்கள் பொறுப்பில் வராதுங்க" என்பார்கள். உண்மையில் வராதுதான். அதனால் ஒவ்வொருவரையும் தனியாக எடை போட்டு நல்லவராகப் பொறுக்குவதோடு என் வேலை முடிந்ததாக நான் நினைப்பதில்லை. ஒருவருக்கொருவர் முன்பின் அறியாத இந்தக் கூட்டம் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வேலை செய்யப் போகிறது. எந்த இடத்தில் இவர்கள் முட்டிக்கொள்வார்கள் என்று முதலில் யோசிக்கிறேன்.

விளக்கையே எடுத்துக்கொள்கிறேன். நேரில் பார்க்க ஊதாவும் நீலமுமாக ஒளிரும் மேடை அழகுதான். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: மஞ்சள் குண்டு விளக்கின் ஒளி சுமார் 2,700 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். இந்த எல்லைக்குள் வரும் எந்த வெள்ளை ஒளியையும் கேமரா சரிப்படுத்திக்கொள்ளும். மீதியைக் கணினியில் திருத்திவிடலாம். ஆனால் அடர்நீல எல்இடி விளக்கு முகத்தில் விழுந்தால் அங்கே சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய பதிவாகவே ஆகாது. பதிவாகாத நிறத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. மலிவான எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன; வீடியோவில் அது கிடைமட்டப் பட்டைகளாக ஓடும். உறவில் ஒரு பெண்ணின் ஆல்பத்தில் மேடைப் படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளையில் இருந்தன. பார்த்தவர்கள் கலைநயம் என்று பாராட்டினார்கள். நிறத்தில் காட்ட முடியாத அளவுக்கு முகங்கள் நீலம் பாரித்திருந்தன என்பது எங்கள் சிலருக்குத்தான் தெரியும். அந்தப் போட்டோகிராபர் திறமைசாலி. விளக்குப் போட்டவரும் கேட்டதைத்தான் போட்டார். முக்கியமான நேரத்தில் மேடையின் முன்பக்கம் வெள்ளை விளக்கு எரிய வேண்டும், வண்ண விளக்குகள் பின்சுவரோடு நிற்க வேண்டும் என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒப்பனைக்கும் கேமராவுக்கும் நடுவிலும் இதே கதை. சில வகை முகப் பவுடர்களிலும் வெயில் தடுப்புக் களிம்புகளிலும் உள்ள சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவை பிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் கச்சிதமாகத் தெரிந்த முகம் படத்தில் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அதனால் ஒத்திகை ஒப்பனை செய்யும்போதே பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கைபேசியே போதும். புதிய களிம்புகளைக் கையிலோ காதுக்குப் பின்னாலோ தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதும் அப்போதே முடிந்துவிடும். ஒப்பனைக்காரரிடம் நான் கேட்கும் இன்னொரு கணக்கு நேரம். ஒருவருக்கு எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை பேர், எத்தனை கைகள்? மணப்பெண்ணுக்கு மட்டும் என்று பேசிவிட்டு அன்று காலை அக்கா, தங்கை, அத்தை, பக்கத்து வீட்டுத் தோழி என்று வரிசை நீள்வது எங்கும் நடப்பதுதான். தாமதத்துக்கு ஒப்பனைக்காரரைத் திட்டுவோம்.

வரிசை என்று பார்த்தால் இடம்தான் முதலில். தேதியும் இடமும் உறுதியாகாமல் மற்றவர்களிடம் பேசுவதில் பொருளில்லை. மண்டபத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது அதன் நிபந்தனைகளை. சாவி எத்தனை மணிக்குக் கையில் வரும், எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும்? முந்தைய நாள் அங்கே வேறு நிகழ்ச்சி இருக்கிறதா? இருந்தால், அவர்கள் காலி செய்து முடிப்பதற்கும் நம் அலங்காரக்காரர் உள்ளே நுழைவதற்கும் இடையே எவ்வளவு நேரம்? வெளியிலிருந்து சமையல்காரரையும் அலங்காரக்காரரையும் அழைத்துவர அனுமதி உண்டா, அவர்கள் சொல்லும் ஆளைத்தான் வைக்க வேண்டுமா? ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும்? பெரிய பொருள்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வரும்? இந்தப் பதில்களிலிருந்துதான் மற்ற எல்லாருடைய வேலையும் பிறக்கிறது. மேடை போட ஆறு மணி நேரம் வேண்டும் என்பவரை நான்கு மணி நேரம் மட்டும் கிடைக்கும் இடத்துக்கு அமர்த்தினால் அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் முதல் விருந்தினர் ஏணியைத்தான் பார்ப்பார்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே கேட்பேன். ஜெனரேட்டரின் மேல் எழுதியிருக்கும் எண் கேவிஏ என்ற அலகில் இருக்கும். அதை அப்படியே கிலோவாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாக 0.8 ஆல் பெருக்க வேண்டும்: 125 கேவிஏ இயந்திரம் என்றால் 100 கிலோவாட். அதையும் விளிம்புவரை ஏற்றக் கூடாது. ஏசி, தண்ணீர் மோட்டார் போன்றவை ஓடத் தொடங்கும் நொடியில் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். "ஜெனரேட்டர் இருக்கிறது" என்று மண்டபத்துக்காரர் சொன்னால், ஏசியும் அதில் ஓடுமா, வெறும் விளக்கும் மின்விசிறியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளக்குக்காரர், ஒலிபெருக்கிக்காரர், சமையல்காரர் மூவரிடமும் தங்கள் கருவிகளுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கேட்டுக் கூட்டிப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிறவர் மீது எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் மேடம்" என்கிறவரிடம் நான் மேற்கொண்டு பேச்சை வளர்ப்பதில்லை.

அந்த வாக்கியத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்பதில் எழுவாய் இல்லை. யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று எதுவும் இல்லை. ஒருமுறை ஓர் அலங்காரக்காரரிடம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றோம். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பூ அந்த மாதத்தில் கிடைக்காதும்மா. கிடைத்தாலும் உங்கள் கூரை உயரத்துக்கு இந்த அமைப்பு நிற்காது. வேறு ஒன்று வரைந்து தருகிறேன்" என்றார். என்னோடு வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே ஆள் முடிவாகிவிட்டது. முடியாததை முடியாது என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்கிறவர், அன்றைய தினம் ஏதாவது தவறினாலும் மறைக்காமல் வந்து சொல்வார். பூக்களைப் பற்றி அவரிடம்தான் ஒன்று கற்றுக்கொண்டேன்: பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும், அது பல பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும். பழக்கூடைகளையும் பூக்கட்டுகளையும் ஒரே அறையில் இரவு முழுவதும் பூட்டி வைப்பது சமையல்காரருக்கும் அலங்காரக்காரருக்கும் நடுவில் நடக்கிற சத்தமில்லாத விபத்து.

போட்டோகிராபர் விஷயத்துக்கு வருகிறேன். மாதிரி ஆல்பத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதை இப்போது பலரும் அறிவார்கள்; அது நூறு கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய நூறு படங்கள். ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் காட்டச் சொல்ல வேண்டும். அதிலும் நம்முடையதைப் போன்ற வெளிச்சத்தில் எடுத்ததை. மாலை வெயிலில், தோட்டத்தில் எடுத்த படங்கள் ஜன்னல் இல்லாத மண்டபத்துக்குச் சாட்சி சொல்லாது. பெயர் பெற்றவர் பேச வருவார், அன்று வேலைக்கு அவருடைய உதவியாளர் வருவார். எனவே கேமராவைப் பிடிக்கப் போகிறவரின் படங்களைத்தான் பார்க்க வேண்டும். அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகிறதா என்று கேட்பேன். வீட்டுக்குப் போனதும் படங்களுக்கு எத்தனை பிரதி எடுப்பார்? மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில் என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்த நடைமுறை. கேட்டவுடன் அதைச் சொல்லாதவரிடம் திருப்பி எடுக்க முடியாத ஒரு நாளை ஒப்படைக்க எனக்கு மனம் வராது. படங்களின் உரிமை சில நாடுகளில் எடுத்தவருக்கும் சில நாடுகளில் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கும் போகிறது. விளம்பரத்துக்கு நம் முகத்தை அவர் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது. டிரோன் வேண்டுமென்றால் அனுமதி யார் வாங்குவது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பல நாடுகளில் 250 கிராமுக்கு மேற்பட்ட கருவிகளுக்குப் பதிவு கட்டாயம்.

படத்துக்கு ஒருவர், வீடியோவுக்கு வேறு ஒருவர் என்று இரண்டு நிறுவனங்களை அமர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இருவருக்கும் வேண்டியது ஒரே நொடி, ஒரே கோணம். எல்லாரும் காத்திருந்த அந்த நொடியில் விருந்தினர்களுக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள் மட்டும்தான் என்ற கல்யாணங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சமையல்காரரைத் தேர்ந்தெடுக்க ருசி பார்க்கப் போவது வழக்கம். போகலாம், நன்றாகத்தான் இருக்கும். பத்துப் பேருக்குச் சமைத்ததை வைத்துப் பல நூறு பேருக்குச் சமைப்பதை எடை போட முடியாது என்பது மட்டும் நினைவில் இருந்தால் சரி. பெரிய பாத்திரத்தில் உள்ள உணவு ஆறவும் நெடுநேரம் எடுக்கும், மறுபடி சூடாகவும் நெடுநேரம் எடுக்கும். நோய்க்கிருமிகள் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே நான் கேட்பது இவற்றைத்தான்: சமைப்பது மண்டபத்திலா, வேறு இடத்திலா? எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும், எத்தனை மணிக்குப் பரிமாறப்படும், இடைப்பட்ட நேரத்தில் எதில் வைத்திருப்பீர்கள்? முடிந்தால் அவர்கள் நடத்தும் வேறொரு நிகழ்ச்சியில் அனுமதி வாங்கிப் பின்பக்கம் போய்ப் பார்ப்பேன். பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்த்தால் போதும், ருசி பார்க்கவே தேவையில்லை.

இங்கும் இரண்டு பேருக்கு நடுவில் விழும் வேலைகள் உண்டு. குடிதண்ணீர் சமையல்காரர் பொறுப்பா, மண்டபத்தின் பொறுப்பா? மீந்த உணவு யாருக்குப் போகும்? எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை யார் எண்ணுவது? தலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு எண்ணும் வேலையைச் சமையல்காரரிடமே விட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுவது நம் மக்களுக்கு வாடிக்கை. போட்டோகிராபர், ஒலிபெருக்கிக்காரர், ஓட்டுநர்கள் இவர்களுக்கெல்லாம் எப்போது, எங்கே சாப்பாடு என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். காலையிலிருந்து நிற்கிறவர் பசியோடு எடுக்கும் படம் எப்படி இருக்கும்?

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேடையோரம் ஒரே ஒரு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்தால் 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் 32 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் 24 டெசிபல் வித்தியாசம். முதல் வரிசையில் காது வலிக்கும். கடைசி வரிசையில் எதுவும் கேட்காது. சிறிய பெட்டிகளைப் பரவலாக வைக்கிறேன் என்று தானாகச் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். பெட்டி எவ்வளவு பெரியது என்று பெருமை பேசுகிறவரை அனுப்பிவிடலாம்.

பணத்துக்கு வருவோம். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது பயனற்றது. இரண்டு பேர் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. போக்குவரத்து, வரி, கூடுதல் மணி நேரக் கட்டணம், பொருத்தும் கூலி, பிரிக்கும் கூலி, வாடகைப் பொருள்களுக்கான வைப்புத்தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் அதற்கே விலை கேட்டால் மலிவாகத் தெரிந்தவர் பல நேரம் மலிவாக இருக்க மாட்டார். முன்பணம் திருப்பித் தரப்படுமா, தேதி மாறினால் என்ன, அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார், வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிடலாமா என்பவை எழுத்தில் வர வேண்டும். ஆல்பம் கைக்கு வரும்வரை படத்துக்கான தொகையில் ஒரு பங்கையாவது பாக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். கல்யாணம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்குக் கல்யாணத்துக்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் நினைவூட்டுவதற்கு நம்மிடம் குரல் மட்டும்தான் மிஞ்சும்.

உறவினர் சிபாரிசு செய்யும் ஆட்கள் விஷயத்தில் எனக்கு ஒரு கறாரான கொள்கை இருக்கிறது: சிபாரிசு செய்தவர் தன் சொந்தப் பணத்தில் அவரை அமர்த்தியிருக்க வேண்டும். "நம்ம பையன், குறைத்துச் செய்து கொடுப்பான்" என்பதெல்லாம் சிபாரிசு ஆகாது. நம்ம பையனிடம் எழுத்து கேட்க முடியாது, கோபித்துக்கொள்ளவும் முடியாது. கல்யாண ஏற்பாட்டாளரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். இரு வீட்டாரும் வேலைக்குப் போகிறவர்கள், வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நான் இதுவரை சொன்ன நடுவேலைகளைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவர் அழைத்துவரும் ஆட்களிடமிருந்து அவருக்குக் கமிஷன் உண்டா என்று மட்டும் நேராகக் கேட்டுவிட வேண்டும். உண்டு என்றால் குற்றமில்லை, தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்பாட்டாளர் இல்லாத கல்யாணங்களில் நான் வற்புறுத்தும் ஒன்று, நிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன் எல்லாரையும் மண்டபத்தில் ஒன்றாக நிற்க வைப்பது. முனகிக்கொண்டே வருவார்கள். வந்த பிறகு அவர்களே பேசிக்கொள்வார்கள். போட்டோகிராபர் விளக்கைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா அண்ணே?" என்பார். ஒலிபெருக்கிக்காரர் மைக்குக்கு முன்னால் பெட்டியை வைக்க இடம் கேட்பார், அலங்காரக்காரர் தூணைச் சற்று நகர்த்துவார். ஒரே ஒரு தாள் தயாராகும். அதில் நேரம், வேலை, பொறுப்பாளர் பெயர், தொலைபேசி எண். பொறுப்பாளர் என்ற இடத்தில் மணமக்கள் பெயரோ அவர்களுடைய பெற்றோர் பெயரோ வரக் கூடாது. அன்று அவர்களைக் கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். நிதானமான, கொஞ்சம் குரல் உள்ள ஒரு சித்தப்பாவோ அத்தையோ போதும்.

அந்தத் தாளின் கடைசி வரிசையை எல்லாரும் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். விருந்தினர் போன பிறகு வாடகை நாற்காலிகளையும் பாத்திரங்களையும் எண்ணித் திருப்பிக் கொடுத்து, அறைகளில் விட்டுப்போன பைகளையும் சார்ஜர்களையும் பொறுக்கி, மண்டபத்துக்காரரோடு சுற்றிவந்து எதுவும் உடையவில்லை என்று கையெழுத்து வாங்கி, வைப்புத்தொகையைக் கேட்டு வாங்கும் வேலை அது. அந்த நேரத்தில் வீட்டு ஆட்கள் யாருக்கும் நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. அதனால் இந்த வேலைக்கு உரிய ஒருவரை மட்டும் நாங்கள் மாலைவரை வேலை எதுவும் கொடுக்காமல் தூங்க வைத்துவிடுகிறோம். இந்தப் பதவிக்கு எங்கள் குடும்பத்தில் இப்போது போட்டி இருக்கிறது.